அசையும் மினாராக்களும் அடுக்குமாடிகளும்

அகமதாபாத் ரயில் நிலையத்துக்கு அருகில், வளைவு வாயில் ஒன்றின் இருபுறமும் இரண்டு மினாராக்கள் நிற்கின்றன. 1452ஆம் ஆண்டில் கட்டப்பட்டதாகக் கருதப்படும் சீதி பஷீர் பள்ளிவாசலின் எச்சங்கள் அவை. தொழுகைக் கூடம் 1753இல் நிகழ்ந்த போரில் அழிந்துவிட, வாயிலும் மினாராக்களுமே மிஞ்சின. மூன்று அடுக்குகளாக உயர்ந்துள்ள இம்மினாராக்களுள் ஒன்றின் மேலடுக்கில் நின்று அதனை அசைத்தால், சற்று நேரத்தில் மற்றதும் அசையத் தொடங்கும். இரண்டையும் இணைக்கும் இடைவழியிலோ அசைவு தென்படாது. 'ஜூல்தா மினார்', அதாவது ஊசலாடும் மினாரா என்று மக்கள் இவற்றை அழைத்து வருகின்றனர். பயணிகள் ஏறி அசைத்துப் பார்க்க இன்று அனுமதியில்லை.

2001 ஜனவரி 26ஆம் நாள் காலை, குஜராத்தின் கட்ச் பகுதியில் 7.7 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. அந்நகரில் மட்டும் 700க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இடிந்தவை நம் காலத்துப் பொறியியல் அறிந்த காலத்தில் எழுந்த கான்கிரீட் கட்டடங்கள். ஏறத்தாழ ஐந்நூற்றைம்பது ஆண்டு அகவையுடைய சீதி பஷீர் மினாராக்களோ நின்றன.

இதனைக் கொண்டு, அசையும் கட்டடம் தப்பும், அசையாத கட்டடம் விழும் என்று முடிவு கட்டிவிட இயலாது. அதே நகரில் 1424இல் எழுந்த ஜாமிஆ மஸ்ஜிதிலும் அசையும் மினாராக்கள் இருந்தன. 1819 ஜூன் 16இல் கட்ச் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில் அவை விழுந்துவிட்டன. அவற்றின் அடிப்பகுதிகளை மட்டுமே இன்று காண்கிறோம். ஆகவே அசைவது மட்டும் போதாது. அசைவோடு வந்து சேர்ந்த ஆற்றல் எங்கேனும் செலவாகியே தீர வேண்டும். அது எதன்மீது செலவாகிறது என்பதே கட்டடத்தின் ஆயுளையும் அதில் வாழ்வோரின் உயிரையும் தீர்மானிக்கிறது. அந்தச் செலவுக்கு முன்கூட்டியே வழிசெய்து வைக்கும் கருவிகள் உள்ளன. பொறியாளர்கள் 'டேம்பர்' என்று அழைக்கும் அவற்றை அதிர்வுத் தணிப்பான்கள் என்று தமிழில் வழங்கலாம். அவை எவ்வாறு வேலை செய்கின்றன, உயர்ந்த கான்கிரீட் கட்டடங்களை எந்த அளவுக்குக் காக்கும், எதனைக் காக்க மாட்டா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

பேருந்து கற்பிக்கும் பாடம்

திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையிலிருந்து இதனை எழுதுகிறோம். சாலையில் செல்லும் பேருந்து ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கும் காட்சியைச் சற்றே உற்று நோக்குவோம். நல்ல நிலையிலுள்ள பேருந்து ஒருமுறை எழும்பித் தாழ்ந்து உடனே அமைதியடைந்துவிடும். ஷாக் அப்சார்பர் தேய்ந்துபோன பழைய பேருந்தோ, தடையைக் கடந்து நெடுந்தொலைவு சென்ற பின்னும் எழும்பித் தாழ்ந்து கொண்டேயிருக்கும். இரண்டிலும் வில்பட்டைகள் உள்ளன. வில்லின் இயல்பு, வாங்கிய ஆற்றலைச் சேமித்துத் திருப்பிக் கொடுப்பது. ஷாக் அப்சார்பரின் இயல்பு, அந்த ஆற்றலை எண்ணெயின் வழியே வெப்பமாக மாற்றிச் செலவழித்து விடுவது. வில் மட்டும் இருந்து செலவழிக்கும் உறுப்பு இல்லையெனில் ஆட்டம் எளிதில் ஓயாது.

உயர்ந்த கட்டடமும் ஒரு வில்லே. தூண்களும் சுவர்களும் வில்லாக நிற்க, ஒவ்வொரு தளத்தின் எடையும் அதன்மீது ஏற்றிய சுமையாக அமைகிறது. கட்டடத்தைப் பக்கவாட்டில் சற்றே இழுத்துவிட்டால், தனக்கே உரிய ஒரு கால அளவில் அது இங்குமங்கும் ஆடும். ஒரு முழு ஆட்டத்துக்கு ஆகும் நேரத்தை அலைவுக் காலம் என்கிறோம். தளம் ஒன்றுக்குப் பத்தில் ஒரு நொடி என்பது தோராயமான கணக்கு. பத்துத் தளக் கட்டடம் ஏறத்தாழ ஒரு நொடியிலும் முப்பது தளக் கட்டடம் ஏறத்தாழ மூன்று நொடிகளிலும் ஓர் ஆட்டத்தை முடிக்கும்.

கட்டடத்துக்கு இயற்கையாகவே சிறிதளவு தணிப்பு ஆற்றல் உண்டு. கான்கிரீட்டின் நுண்ணிய விரிசல்களும், சுவர்களும் சட்டங்களும் ஒன்றோடொன்று உரசுவதும் ஆட்டத்தின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். இழுத்துவிட்ட பொருள் ஒருமுறைகூட ஊசலாடாமல் தன் இடத்துக்குத் திரும்புவதற்குத் தேவையான தணிப்பை நூறு என்று கொண்டால், கான்கிரீட் கட்டடத்தின் தணிப்பை ஐந்து என்று வடிவமைப்பாளர்கள் கணக்கிடுகின்றனர். மிக உயர்ந்த கட்டடங்களில், சிறு ஆட்டங்களின்போது, அது ஒன்று அல்லது இரண்டு என்ற அளவுக்கே தேறுகிறது. கட்டடம் உயர உயர, இயற்கை தந்த இந்தச் சேமிப்பு குறைந்துகொண்டே போகிறது எனலாம்.

இந்திய நிலநடுக்க விதித்தொகுப்பான ஐ.எஸ். 1893இன் 2002ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு சிறு பட்டியல் இடம்பெற்றிருந்தது. தணிப்பு 5 விழுக்காடாக இருக்கும்போது கட்டடம் உணரும் விசையை ஒன்று என வைத்தால், தணிப்பு 10 விழுக்காடானால் அது 0.80 ஆகவும், 20 விழுக்காடானால் 0.60 ஆகவும் குறையும். தணிப்பு 2 விழுக்காடாகத் தாழ்ந்தால் 1.40 ஆக உயரும். தூணையோ சுவரையோ பருமனாக்காமல், தணிப்பை மட்டும் உயர்த்தியே சுமையில் ஐந்தில் இரண்டு பங்கைக் குறைக்க முடியும் என்பது இதன் பொருள். தணிப்பான்களின் மீது பொறியாளர்கள் கொண்ட ஆர்வத்துக்கு இந்த எண்களே போதிய காரணம்.

மண்ணும் கட்டடமும் ஒத்துப்போகும்போது

ஊஞ்சலை ஆட்டுபவர் அதன் போக்கறிந்து தள்ளினால், சிறு தள்ளல்களே பேராட்டமாகி விடும். நிலத்தின் அதிர்வும் கட்டடத்தின் அலைவுக் காலமும் ஒத்துவிட்டால் இதுவே நிகழும். இதனை ஒத்ததிர்வு என்பர்.

1985 செப்டம்பர் 19இல் பசிபிக் கரையோரத்தில் தோன்றிய நிலநடுக்கம், 350 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மெக்சிகோ நகரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. அந்நகரின் பெரும்பகுதி பழைய ஏரிப்படுகையின் மெல்லிய களிமண்மீது அமர்ந்துள்ளது. அம்மண் ஏறத்தாழ இரண்டு நொடிக்கு ஒருமுறை ஆடும் இயல்புடையது. மிகுதியாக வீழ்ந்தவை குடிசைகளும் அல்ல, வானளாவிய கோபுரங்களும் அல்ல. அந்த ஆட்டத்தோடு ஒத்துப்போன நடுத்தர உயரக் கட்டடங்களே. அகமதாபாத்தின் பேரிழப்பிலும் சபர்மதி ஆற்றுப்படுகையின் ஆழ்ந்த வண்டல் மண்ணுக்குப் பங்கு உண்டு.

திருத்தணியைச் சூழ்ந்த குன்றுகளின் பாறையில் கால்பதித்து நிற்கும் கட்டடத்துக்கும், ஆற்றோர வண்டலில் நிற்கும் கட்டடத்துக்கும் ஒரே நிலநடுக்கம் இருவேறு முகங்களைக் காட்டும். கட்டடத்தின் வலிமையை அதன் அடியிலுள்ள மண்ணிலிருந்து பிரித்துப் பேச முடியாது.

தொலைவும் எப்போதும் பாதுகாப்பாகி விடுவதில்லை. பெரும் நிலநடுக்கத்தின் விரைந்த அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடுகின்றன. நீண்ட, மெதுவான அலைகளோ நெடுந்தொலைவு பயணம் செய்கின்றன. மெதுவாக ஆடும் உயர்ந்த கட்டடங்களை அவை தேடிச் சென்று பற்றுகின்றன. 2011 மார்ச் 11இல் ஜப்பானின் வடகிழக்குக் கடலில் நேர்ந்த நிலநடுக்கத்தின்போது, 700 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த ஒசாகா நகரின் 256 மீட்டர் உயர அரசுக் கட்டடம் பத்து நிமிட அளவுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பின்னர் அதில் தணிப்பான்கள் பொருத்தப்பட்டன. 2025 மார்ச் 28இல் மியான்மரில் ஏற்பட்ட 7.7 அளவு நிலநடுக்கம், ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாங்காக்கில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஏறத்தாழ முப்பது தள அரசுக் கட்டடத்தைத் தரைமட்டமாக்கியது. ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அந்நகரின் மற்ற உயர்ந்த கட்டடங்கள் ஆடினாலும் நின்றன என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

கட்டடம் தன்னையே கொடுத்துச் செலுத்தும் விலை

பெரும் நிலநடுக்கத்தின் முழு விசையையும் எவ்விதச் சேதமுமின்றித் தாங்குமாறு வழக்கமான கட்டடங்கள் வடிவமைக்கப்படுவதில்லை. அவ்வாறு கட்டினால் செலவு தாங்காது. ஆகவே, அவ்விசையில் ஒரு பங்கையே தாங்குமாறு கட்டி, எஞ்சியதைக் கட்டடம் தன் உடலையே வளைத்தும் வெடித்தும் தீர்த்துக்கொள்ளுமாறு விட்டுவிடுகின்றனர். உத்தரங்களின் முனைகளில் கம்பிகள் நீளும், கான்கிரீட் பிளக்கும், ஆற்றல் செலவாகும். ஒழுங்காகக் கட்டப்பட்ட கட்டடம் சிதைந்தாலும் விழாது. உள்ளிருப்போர் உயிரோடு வெளியேறலாம். ஆனால் திரும்பவும் அங்கே குடியேற முடியாமல் போகலாம்.

இவ்வாறு நீண்டு வளைந்து கொடுக்கும் தன்மை தானாக வருவதன்று. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும்; அவ்வளையங்களின் முனைகள் 135 பாகைக்கு மடக்கப்பட்டுத் தூணின் உட்பகுதிக்குள் சென்று பற்ற வேண்டும். வெறும் செங்கோணத்தில் மடக்கிவிட்ட வளையம், ஆட்டத்தில் மேற்பூச்சு உதிர்ந்ததும் வாய் திறந்துகொள்ளும், நெடுங்கம்பிகள் பிதுங்கும், தூண் நொறுங்கும்.

அகமதாபாத்தில் வீழ்ந்த கட்டடங்கள் பலவற்றில் இன்னொரு குறையும் பொதுவாகக் காணப்பட்டது. மேல்தளங்களில் செங்கற்சுவர்கள் நிறைந்திருக்க, கீழ்த்தளம் மட்டும் வாகனங்கள் நிறுத்துவதற்காகத் தூண்களோடு திறந்து கிடந்தது. மேலே பெட்டி போன்ற இறுக்கம். கீழே மெலிந்த கால்கள். ஆட்டத்தின் முழு விலையையும் அக்கால்களே செலுத்த நேர்ந்தது. இத்தகைய கீழ்த்தளத்தை மென்தளம் என்பர். அதன் தூண்களைக் கணக்கிட்ட விசையைப்போல் இரண்டரை மடங்குக்கு வடிவமைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதித்தொகுப்பு கூறியதன் காரணம் இதுவே.

மின்னிணைப்பில் மிகையான மின்சாரம் பாயும்போது, வீட்டின் கருவிகள் எரிவதற்குப் பதிலாக ஃப்யூஸ் கம்பி உருகிவிடுகிறது. தணிப்பானின் தத்துவமும் அத்தகையதே. தூணும் உத்தரமும் செலுத்த வேண்டிய விலையை, அதற்கென்றே வைக்கப்பட்ட ஓர் உறுப்பு செலுத்துகிறது.

காஷ்மீரத்து மரச்சட்டங்கள்

இத்தத்துவம் ஆய்வுக்கூடங்களில் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே தச்சர்களின் கைகளில் இருந்தது. காஷ்மீரத்தில் 'தஜ்ஜி தேவாரி' என்னும் கட்டுமுறை உண்டு. மரச்சட்டங்களைச் சிறுசிறு கட்டங்களாகப் பின்னி, அவற்றின் இடைவெளிகளைக் கல்லாலும் மண்ணாலும் நிரப்புவர். ஒட்டுப்போட்ட துணி போன்ற தோற்றத்தால் அதற்குப் பாரசீக மொழியில் அப்பெயர் அமைந்தது. நிலம் ஆடும்போது மரச்சட்டம் வளைந்து கொடுக்கிறது. நிரப்பிய கற்கள் சட்டத்தோடும் தம்முள்ளும் உரசுகின்றன. அந்த உரசலில் ஆற்றல் தேய்கிறது. விரிசல் விழுந்தாலும் அது ஒரு கட்டத்துக்குள் அடங்கி நின்றுவிடுகிறது.

2005 அக்டோபர் 8ஆம் நாள் நிலநடுக்கத்தில், முறையற்றுக் கட்டப்பட்ட கான்கிரீட் கட்டடங்களும் கல்வீடுகளும் பெருமளவில் வீழ்ந்த பகுதிகளில், தஜ்ஜி வீடுகள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. பின்னர் பாகிஸ்தானின் மறுகட்டமைப்புத் திட்டத்தில் அம்முறை முறையான அங்கீகாரமும் பெற்றது. இன்றைய உராய்வுத் தணிப்பானுக்கு இம்மரச்சுவரை மூத்த உறவினர் என்றால் மிகையாகாது.

தணிப்பான்களின் வகைகள்

முதலாவது, உராய்வுத் தணிப்பான். கட்டடச் சட்டத்தின் மூலைவிட்டமாகச் செல்லும் இரும்புத் தண்டுகளின் இடையே, இறுக்கிப் பிணைத்த தகடுகள் வைக்கப்படுகின்றன. காற்று வீசும்போதும் சிறு அதிர்வின்போதும் அவை அசையா. குறிப்பிட்ட விசையைத் தாண்டியதும் தகடுகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கத் தொடங்கி, ரயில்வண்டியின் பிரேக் போல ஆற்றலை வெப்பமாக்குகின்றன. கனடாவின் மான்ட்ரியலில் பணியாற்றிய இந்திய வம்சாவளிப் பொறியாளர் அவ்தார் பால் இத்துறையின் முன்னோடி. அந்நகரத்துக் கன்கார்டியா பல்கலைக்கழக நூலகக் கட்டடத்தில் இவை இடம்பெற்றன. நம் நாட்டில் தில்லியை அடுத்த குர்கானில், 'லா கார்டனியா' என்னும் பதினெட்டுத் தளக் கான்கிரீட் கோபுரங்கள் ஏழில் இவை பயன்படுத்தப்பட்டன. 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கூடிய உலக நிலநடுக்கப் பொறியியல் மாநாட்டில் அப்பணி விவரிக்கப்பட்டது. அகமதாபாத் வீழ்ச்சிக்கு முன்பே இந்தியாவில் இம்முயற்சி தொடங்கிவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது, பாகுநிலைத் திரவத் தணிப்பான். பேருந்தின் ஷாக் அப்சார்பரைப் பன்மடங்கு பெரிதாக்கிய வடிவம் இது. உருளைக்குள் சிலிகோன் எண்ணெய் நிறைந்திருக்க, நுண்துளைகள் கொண்ட பிஸ்டன் அதனூடே நகர்கிறது. எண்ணெய் துளைகளின் வழியே பிதுங்கும்போது எதிர்ப்பு எழுகிறது. இதில் ஒரு நயமான இயல்பு உண்டு. கட்டடம் ஆட்டத்தின் கடைக்கோடியை எட்டும்போது தூண்கள் மிகுதியாக வளைந்திருக்கும். ஆனால் அக்கணத்தில் வேகம் இல்லை, எனவே தணிப்பானின் விசையும் இல்லை. கட்டடம் நடுநிலையைக் கடக்கும்போது வேகம் மிகுதி. தணிப்பான் முழு வலிமையோடு இழுத்துப் பிடிக்கும். அப்போது தூண்களோ இளைப்பாறி நிற்கும். தூணின் சுமை உச்சமாகும் வேளையில் தணிப்பானும் சேர்ந்து அதனை வருத்துவதில்லை. மெக்சிகோ நகரில் 2003இல் நிறைவுற்ற டோரே மேயர் கோபுரத்தில் ஏறத்தாழ நூறு திரவத் தணிப்பான்கள் உள்ளன. 1985இன் துயரத்திலிருந்து அந்நகரம் கற்ற பாடத்தின் அடையாளமாக அதனைக் கருதலாம்.

மூன்றாவது, உலோகத் தணிப்பான். இரும்புத் தகடு அல்லது தண்டு மீளாத அளவுக்கு நீண்டும் சுருங்கியும் ஆற்றலைத் தின்னும். நிகழ்வு முடிந்ததும் அதனைக் கழற்றிப் புதியதைப் பொருத்தலாம். ஈயத்துக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அறை வெப்பநிலையிலேயே அதன் உட்படிகங்கள் மீண்டும் ஒழுங்கடைவதால், பலமுறை நசுங்கியும் அது வலிமை இழப்பதில்லை. இவ்வியல்பைக் கண்டு, ரப்பர் அடுக்குகளின் நடுவே ஈயத்தைப் பொதித்த தாங்கியை 1970களில் நியூசிலாந்தின் பில் ராபின்சன் உருவாக்கினார்.

நான்காவது, இசைவுற்ற எடைத் தணிப்பான். கட்டடத்தின் உச்சியில் பெரும் எடையொன்றை ஊசல்போலத் தொங்கவிட்டு, அதன் அலைவுக் காலத்தைக் கட்டடத்தின் அலைவுக் காலத்தோடு இசைவிப்பர். ஒத்த அலைவுக் காலமுடைய இரண்டு பொருள்கள் இணைந்திருந்தால், ஒன்றின் ஆட்டம் மற்றதற்கு மாறிச் செல்லும். ஒரு மினாராவை அசைக்க மற்றது அசையும் அகமதாபாத் வியப்பும் இவ்வியல்பை ஒத்ததே. கட்டடத்தின் ஆட்டத்தை ஊசல் வாங்கிக்கொள்ள, ஊசலோடு இணைந்த எண்ணெய் உருளைகள் அதனைச் செலவழிக்கும். தைவானின் 508 மீட்டர் உயர தைப்பே 101 கட்டடத்தில் தொங்கும் 660 டன் எடைகொண்ட உருண்டை உலகறிந்தது. அதன் முதன்மைப் பணி சூறாவளியின் ஆட்டத்தைக் குறைப்பது. நிலநடுக்கமோ பல்வேறு கால அளவுகளில், சில நொடிகளிலேயே தாக்குவதால், ஒரே காலத்துக்கு இசைவித்த ஊசல் அதில் முழுப் பயனளிப்பதில்லை. ஆயினும் நெடுநேரம் நீடிக்கும் ஆட்டத்தை அடக்க அது உதவும். தோக்கியோவின் சின்ஜுக்கு மித்சுயி கட்டடத்தின் உச்சியில், ஒவ்வொன்றும் 300 டன் எடைகொண்ட ஆறு ஊசல்கள் 2015இல் பொருத்தப்பட்டது அந்நோக்கத்தோடுதான்.

கட்டடத்தை மண்ணிலிருந்தே பிரித்து, ரப்பர்த் தாங்கிகளின்மீது அமர்த்தும் முறை தணிப்பானின் உடன்பிறப்பு. 2001இல் புஜ் நகர மருத்துவமனை இடிந்து, நோயாளிகளும் பணியாளர்களும் மாண்டனர். காயமுற்றோர் ஆயிரக்கணக்கில் வந்துசேர வேண்டிய இடமே கல்லறையாயிற்று. அவ்விடத்தில் 2004இல் திறக்கப்பட்ட புதிய மருத்துவமனை, ஈயம் பொதித்த ரப்பர்த் தாங்கிகளின்மீது நிற்கிறது. நிலநடுக்கத்துக்குப் பின்னும் தடையின்றி இயங்க வேண்டிய கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் அது ஒரு முன்மாதிரி. ஆனால் இம்முறை குட்டையான, இறுக்கமான கட்டடங்களுக்கே மிகவும் ஏற்றது. இயல்பாகவே மெதுவாக ஆடும் நெடிய கோபுரங்களுக்கு அதனால் கிடைக்கும் கூடுதல் நன்மை குறைவு.

கான்கிரீட் முன்வைக்கும் சிக்கல்

தணிப்பான் வேலை செய்ய வேண்டுமெனில் அது அசைய வேண்டும். அசையாத பிஸ்டன் எதையும் செலவழிக்காது. கான்கிரீட் சுவர்களால் இறுகிய கட்டடத்தில் ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே எழும் நகர்வு மிகச் சிறியது. வளைந்து கொடுக்கும் எஃகுச் சட்டக் கட்டடத்தில் எளிதாகப் பயன்படும் கருவி, கான்கிரீட் கோபுரத்தில் சோம்பி இருந்துவிடக் கூடும்.

இதற்குப் பொறியாளர்கள் வழி கண்டுள்ளனர். கட்டடத்துக்குள் எங்கே அசைவு மிகுதியோ, அங்கே தணிப்பானை வைப்பது அவ்வழி. மின்தூக்கியைச் சுற்றியுள்ள நடுச்சுவர் வளையும்போது, அதிலிருந்து வெளித்தூண்களை நோக்கி நீளும் கைச்சுவரின் முனை மேலும் கீழுமாகப் பெருமளவு நகர்கிறது. அம்முனைக்கும் தூணுக்கும் இடையே திரவத் தணிப்பானை நிறுத்தினால் அது முழுமையாக உழைக்கும். பிலிப்பைன்ஸின் மணிலா பெருநகரில் 2009இல் நிறைவுற்ற, அறுபது தளங்கள் கொண்ட செயின்ட் பிரான்சிஸ் ஷாங்க்ரி-லா இரட்டைக் கோபுரங்கள் இவ்வாறு கட்டப்பட்டவை. அவை கான்கிரீட் கோபுரங்கள். சூறாவளியும் நிலநடுக்கமும் ஒருங்கே அச்சுறுத்தும் நகரில் நிற்பவை. இரு கான்கிரீட் சுவர்களை இணைக்கும் உத்தரத்தின் நடுவே தணிப்பானை வைப்பது இன்னொரு வழி. இரு சுவர்களும் வளையும்போது மிகுதியாக முறுக்கப்படுவது அவ்வுத்தரமே என்பதால், சேதம் நேர வேண்டிய இடத்திலேயே காவலும் நிற்கிறது.

கருவியும் அமானிதமும்

தணிப்பான் பல பத்தாண்டுகள் வாளாவிருந்து, ஒரு நாளின் ஒரு நிமிடத்தில் பிழையின்றி வேலை செய்ய வேண்டிய கருவி. அதன் எண்ணெய் கசிந்துவிட்டதா, தகடுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டனவா என்பதைக் குடியிருப்போர் எவரும் அறியார். எனவே அதனைச் சோதித்தவர் அளிக்கும் சான்று ஓர் அமானிதம். ஜப்பானின் கே.ஒய்.பி. நிறுவனம், ஏறத்தாழ ஆயிரம் கட்டடங்களில் பொருத்தப்பட்ட தணிப்பான்களின் சோதனை விவரங்கள் திருத்தப்பட்டிருக்கலாம் என்று 2018 அக்டோபரில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. நிலநடுக்கப் பொறியியலில் முன்னணியில் நிற்கும் நாட்டிலேயே இது நேர்ந்தது.

தணிப்பான், பழுதுற்ற கட்டடத்துக்கு மருந்தாகாது என்பதையும் உணர வேண்டும். தணிப்பானைத் தாங்கி நிற்பவை அதே தூண்களும் உத்தரங்களுமே. அவை உறுதியாக இருந்தால்தான் கருவி அவற்றைக் காக்கும். பாங்காக்கில் வீழ்ந்த கட்டடத்தின் மின்தூக்கிச் சுவர்களில் வடிவமைப்பு, கட்டுமானக் குறைகள் இருந்ததாக அந்நாட்டு அரசின் விசாரணை தெரிவித்தது. அத்தகைய குறையை எந்தத் தணிப்பானாலும் ஈடுசெய்திருக்க முடியாது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

தமிழ்நாட்டுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 2001 செப்டம்பர் 25இல் புதுச்சேரிக்கு அப்பால் கடலில் தோன்றிய 5.5 அளவு நிலநடுக்கத்தைச் சென்னை மக்கள் உணர்ந்தனர். 2002இல் வெளிவந்த விதித்தொகுப்பு, சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம் நேர்ந்தபோது, சென்னையின் அலுவலகக் கோபுரங்களிலிருந்து மக்கள் தெருக்களுக்கு ஓடிவந்தனர். 1959இல் பதினான்கு தளங்களோடு எழுந்த எல்.ஐ.சி. கட்டடத்தைத் தமிழகமே அண்ணாந்து பார்த்தது. இன்று அதனைவிட உயர்ந்த குடியிருப்புகள் பல, மெல்லிய மண்கொண்ட தென்சென்னைப் பகுதிகளிலும் நிற்கின்றன. நிலநடுக்கம் ஏதுமின்றியே, 2014 ஜூன் 28இல் மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு தளக் கட்டடம் மழையில் சரிந்து 61 பேரைப் பலிகொண்டதையும் நாம் கண்டோம்.

அறிவுக்கும் விதிகளுக்கும் இங்கே குறைவில்லை. சென்னை தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில், கட்டட மாதிரிகளை ஆட்டிச் சோதிக்கும் அதிர்வு மேசை உள்ளது. 50 மீட்டருக்கு மேற்பட்ட கான்கிரீட் கட்டடங்களுக்கென ஐ.எஸ். 16700 என்னும் தனி விதித்தொகுப்பு 2017இல் வெளிவந்தது. குறை, கேட்போர் இல்லாமையே. வீடு வாங்கச் செல்வோர் தரைக்கல்லின் நிறத்தையும் வாகனம் நிறுத்தும் இடத்தையும் கேட்கின்றனர். அடியிலுள்ள மண் சோதிக்கப்பட்டதா, எத்தனை அடி ஆழம் வரை? திறந்த கீழ்த்தளத்தின் தூண்கள் அதற்கெனத் தனியே வடிவமைக்கப்பட்டனவா? கான்கிரீட் சுவர்கள் உச்சி முதல் அடித்தளம் வரை இடையறாது செல்கின்றனவா? தணிப்பான் உண்டெனில் அதன் சோதனைச் சான்று எங்கே, ஆண்டுதோறும் அதனைப் பார்வையிடுபவர் யார்? இக்கேள்விகளை எழுப்புவோர் அரிது.

இப்பொறுப்பு தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்களில் ஜமாஅத்துகளின் முயற்சியால் பள்ளிவாசல்கள் மாடிகளாக விரிகின்றன. பழைய கட்டடத்தின்மீது புதிய மினாரா எழுகிறது. மதரஸாவும் திருமண மண்டபமும் திறந்த கீழ்த்தளத்தின்மீது அமைகின்றன. வெள்ளிக்கிழமையில் நூற்றுக்கணக்கானோர் ஒருங்கே கூடும் இடங்கள் அவை. அவற்றுக்குத் தணிப்பான்கள் தேவைப்படாமல் போகலாம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கணக்கும் கையொப்பமும் கட்டாயம் தேவை. பழைய தூண்கள் புதிய மினாராவைத் தாங்குமா என்று சோதிக்காமல் ஒரு கல்லும் ஏற்றலாகாது.

அடுக்குமாடிகள் இன்று பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. கே.ஜி.கண்டிகை போன்ற சிற்றூர்களிலும் கூரை வீடுகளின் இடத்தில் மாடிகள் எழுகின்றன. அங்கே தணிப்பானைத் தேடுவது வீண். தேட வேண்டியது தூணின் கம்பி வளையத்தை. கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் கட்டுமான இடத்துக்குச் சென்று, வளையத்தின் முனை உள்நோக்கி மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை. சில நிமிடங்கள் போதும். மறுநாள் அது கான்கிரீட்டுக்குள் மறைந்துவிடும். அதன்பின் அது எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் காட்டும் ஆற்றல் நிலநடுக்கத்துக்கே உண்டு.